மரத்தில் ஒரு போர்க்கப்பல்: ஏராவிலிருந்து கடைசிக் கயிறு வரை

பாய்மரப் போர்க்கப்பல் மாதிரியில் தவறு, செய்த இடத்தில் தெரிவதில்லை. ஏராவில் (கப்பலின் அடியில் நெடுக ஓடும் முதுகெலும்பு) விட்ட ஒரு மில்லிமீட்டர் கோணல், பலகை ஒட்டும்போது லேசாக எட்டிப் பார்க்கும். மூன்று பாய்மரங்களையும் நட்ட பிறகு அறையின் மறுகோடியிலிருந்தே தெரியும். அப்போது பிரித்துச் சரிசெய்ய வழி இருக்காது. இந்த வேலையில் பாதி, இரண்டு கட்டம் தள்ளி என்ன தேவைப்படும் என்று இப்போதே யோசிப்பதுதான்.

இங்கே சொல்வது குறுக்குத் தட்டிகளின் (ஏராவில் விலாபோலக் குறுக்கே நிற்கும் துண்டுகள்) மேல் பலகை ஒட்டும் முறை. மரக் கிட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். பிளாஸ்டிக் கிட் கட்டுகிறவர்கள் நேராகக் கயிறு பகுதிக்குப் போகலாம். அது இரண்டுக்கும் ஒன்றே.

எந்தக் கப்பல், எந்த அளவு

முதல் கப்பலாக பிரிட்டிஷ் போர்க்கப்பல் எச்எம்எஸ் விக்டரியை எடுக்காதீர்கள். 1765-ல் நீரில் இறங்கி, 1805-ல் டிரஃபால்கர் கடற்போரில் 104 பீரங்கிகளோடு போரிட்ட அந்த மூன்றடுக்குக் கப்பல்மேல் எல்லோருக்கும் ஒரு கண். அதன் கஷ்டம் நுணுக்கத்தில் இல்லை, எண்ணிக்கையில்தான். முதல் பீரங்கி வண்டி சுவாரசியம். எழுபதாவது வண்டி தண்டனை. ஒற்றைப் பாய்மரக் கட்டரோ, இரட்டைப் பாய்மரப் பிரிக்கோ எடுத்தால் பத்திலிருந்து பதினெட்டு பீரங்கிகளோடு முடிந்துவிடும். பலகை, தளம், கயிறு எல்லா வித்தையும் அதிலேயே கைக்கு வந்துவிடும்.

அளவுகளில் 1/48 என்பது ஓர் அடிக்குக் கால் அங்குலம். பழைய பிரிட்டிஷ் கடற்படை அலுவலக மாதிரிகள் பல இந்த அளவில்தான் உள்ளன. கிட்டுகளில் 1/64, 1/72, 1/96, 1/100 அதிகம். வாங்குமுன் கப்பலின் உடல் நீளத்தை மட்டும் கணக்கிட்டு ஏமாந்துவிடக் கூடாது. அமெரிக்கப் போர்க்கப்பல் யுஎஸ்எஸ் கான்ஸ்டிடியூஷனின் உடல் 204 அடி. முன்னே நீளும் பவுஸ்பிரிட் என்ற மரத்தின் முனையையும் பின்னே நீட்டியிருக்கும் பூம் என்ற மரத்தின் முனையையும் சேர்த்தால் 304 அடி. 1/64-ல் உடல் 97 செ.மீ., மொத்தம் 145 செ.மீ. பெரிய பருமல் (பாயைத் தாங்கப் பாய்மரத்தில் குறுக்கே கட்டும் மரம்) கப்பலின் அகலத்தைப்போல இரு மடங்குக்கு மேல் நீளும். கண்ணாடிப் பெட்டி இதற்கும் மேலே சில சென்டிமீட்டர் பெரிதாக வேண்டும். முடிந்த கப்பல் வாசல் வழியே போகுமா என்பதை இன்றே அளந்து பார்த்துவிடுங்கள்.

எந்த ஆண்டின் கப்பலைக் கட்டுகிறோம் என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். விக்டரிக்கு அடிப்பாகத்தில் செப்புத் தகடு அடித்தது 1780-ல். அதற்கு முந்தைய கோலத்தில் கட்டினால் அடிப்பாகம் செம்பில்லாமல், வெளிர்நிறப் பூச்சோடு இருக்க வேண்டும். 1797-ல் நீரில் இறங்கிய கான்ஸ்டிடியூஷனுக்கோ தொடக்கத்திலிருந்தே செம்பு உண்டு.

எலும்புக்கூடு

ஏராப் பலகை, அதாவது நடுவில் நெடுக ஓடும் ஒட்டுப்பலகைத் துண்டு, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே வளைந்திருக்கலாம். கண்ணாடித் தட்டின் மேல் கிடத்திப் பாருங்கள். வளைவு இருந்தால் ஈரத் துணியால் துடைத்து, இரண்டு நேரான அலுமினியக் கோணங்களுக்கு நடுவே இறுக்கி, இரண்டு நாள் விட வேண்டும். பலகை ஒட்டும்போது தானாக நேராகிவிடும் என்று நம்பிப் போனால் அந்த வளைவு நிரந்தரமாகிவிடும்.

குறுக்குத் தட்டிகளை முதலில் பசை இல்லாமல் செருகிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் வெட்டுக்குழியை அராவ வேண்டும். தட்டிச் செருகினால் ஏரா வளையும். தட்டி ஒவ்வொன்றும் ஏராவுக்குச் சரியான செங்கோணத்தில் நிற்க, மூலையில் ஒரு சதுரக் கட்டையை வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். பாய்மரம் நிற்கும் குழிகளின் சாய்வையும் இந்தக் கட்டத்திலேயே வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். தளம் போட்டபின் அங்கே கை போகாது.

அடுத்தது தட்டிகளின் விளிம்பைச் சாய்வாக உரசுவது. அவசரக்காரர்கள் தாண்டிப் போகும் வேலை இதுதான்; பலகை வரிசைகள் அலை அலையாகத் தெரிவதற்கு முதல் காரணமும் இதுதான். அணியம், அதாவது கப்பலின் முன்கோடிப் பக்கம் உள்ள தட்டிகளில் முன்விளிம்பைத் தேய்க்க வேண்டும்; பின்கோடியில் உள்ளவற்றில் பின்விளிம்பை. ஒரு மெல்லிய பலகைக் கீற்றை ஐந்து தட்டிகளின் மேல் படிய வைத்துப் பார்த்தால் எங்கே இடைவெளி, எங்கே முட்டு என்பது தெரியும். தேய்க்கும் கட்டை இரண்டு தட்டிகளுக்கு மேல் படியும் அளவு நீளமாக இருக்கட்டும். சின்னக் கட்டை ஒவ்வொரு தட்டியையும் தனித்தனியே தேய்த்துக் குழி பறித்துவிடும். லேசரில் வெட்டிய துண்டுகளின் கருகிய விளிம்பில் பசை சரியாகப் பிடிக்காது, அதனால் பலகை ஒட்டும் இடத்தில் கருக்கல் முழுதும் போக வேண்டும். அணியத்தில் முதல் இரண்டு தட்டிகளுக்கு நடுவே பால்சா மரக்கட்டையை ஒட்டி வடிவாகச் செதுக்கிக்கொண்டால், வளைவு கடுமையாக உள்ள அந்த இடத்தில் பலகைக்குப் படுக்க இடம் கிடைக்கும்.

பின்கோடியில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏராப் பலகை 5 மி.மீ. தடிமன், சுக்கான் தொங்கும் பின்கட்டையும் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முதல் அடுக்குப் பலகை 1.5, இரண்டாவது 1 மி.மீ. இவற்றை இரு பக்கமும் அப்படியே ஒட்டினால் மொத்தம் 10 மி.மீ. ஆகிக் கப்பலின் வால் தடித்துவிடும். அதனால் பலகை வந்து முடியும் பகுதியில் ஏராவை இரு பக்கமும் சீவி 2 மி.மீ. ஆக்க வேண்டும், முதல் அடுக்கையும் அங்கே 0.5 மி.மீ. வரை தேய்க்க வேண்டும். இப்போது 2 உடன் இரு பக்கமும் 1.5 சேர்ந்து சரியாக 5. கிட்டின் கையேடுகள் பலவற்றில் இதற்கு ஒரு வரிக்கு மேல் இருப்பதில்லை.

பலகை

முதல் அடுக்குக்கு பாஸ்வுட் அல்லது லைம் போன்ற மிருதுவான மரம், 1.5 × 5 மி.மீ. கீற்று. கண்ணுக்குத் தெரியும் இரண்டாவது அடுக்குக்கு பேரி மரமோ செர்ரியோ நல்லது. கிட்டுகளில் வால்நட் வரும். அதன் ரேகை பெரிது, சிம்பும் அதிகம். உண்மைக் கப்பல் ஓக்கில் கட்டியதுதானே என்று ஓக்கைத் தேடிப் போகாதீர்கள். ஓக்கின் துளைகள் நாம் கட்டும் அளவில் ஒவ்வொன்றும் கை நுழையும் பொந்துபோலத் தெரியும்.

கப்பல் நடுவில் அகலம், அணியத்தில் ஒடுக்கம். அதனால் எல்லாப் பலகையையும் ஒரே அகலத்தில் ஒட்ட முடியாது. நடுத்தட்டியில் மேல்விளிம்பிலிருந்து ஏரா வரை காகிதப் பட்டை ஒன்றைப் படியவைத்து அளவெடுங்கள். 120 மி.மீ. வந்தால் 5 மி.மீ. பலகை 24 வேண்டும். முதல் தட்டியில் அதே அளவு 72 மி.மீ. என்றால் 24 பலகைக்கும் தலைக்கு 3 மி.மீ. ஆக, ஒவ்வொரு பலகையையும் முன்முனையில் 3 மி.மீ.க்குச் சீவ வேண்டும். பின்கோடியில் 132 வந்தால் தலைக்கு 5.5, அங்கே பலகை போதாது, ஆப்புத் துண்டு ஒன்றிரண்டைச் செருக வேண்டும். முன்முனையில் அகலம் பாதிக்குக் கீழே, இந்தக் கணக்கில் 2.5 மி.மீ.க்குக் கீழே, போனால் சீவாதீர்கள். கூரிய முனை பிளந்துபோகும். உண்மைக் கப்பலிலும் அப்படிச் செய்யமாட்டார்கள். இரண்டு பலகைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே பலகையாக முன்னே கொண்டுபோவதுதான் வழி.

இருபத்துநான்கையும் ஒரே ஓட்டமாக ஒட்டினால் பிழை சேர்ந்துகொண்டே போகும். எட்டு எட்டாக மூன்று பட்டைகளாகப் பிரித்து, எல்லைகளில் நூல் கட்டிப் பாருங்கள். நூலின் வளைவு எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் கண்ணுக்கு இதமாக ஓட வேண்டும். அதைத் தட்டிகளில் குறித்துக்கொண்டால் பிழை அந்தந்தப் பட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என்று மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டே போனால் உலரும் பசை கப்பலை முறுக்கிவிடும். பிறகு அந்த முறுக்கு போகாது.

மரத்தை வளைப்பது சூடு, தண்ணீர் அல்ல. தண்ணீர் அந்தச் சூட்டை உள்ளே கொண்டுபோகிறது, அவ்வளவுதான். மணிக்கணக்கில் ஊறவைத்த பலகை வீங்கும். அப்படியே ஒட்டினால் காய்ந்ததும் சுருங்கி வரிசைகளுக்கிடையே கீறல் விடும். பத்து நிமிடம் நனைத்து, இஸ்திரிப் பெட்டியின் முனையால் அழுத்தி வளைத்து, முழுக்கக் காய்ந்தபின் ஒட்டுங்கள். பலகையின் உட்பக்கம் வரிசையாக வெட்டுப் போட்டு மடக்கும் கருவி ஒன்று கடைகளில் உண்டு. அது வளைவைத் தராது. முறிவு முறிவாகப் பல கோணங்களைத்தான் தரும்.

பசைக்கு மஞ்சள் மரப்பசையோ வெள்ளைப் பிவிஏ பசையோ போதும். சூப்பர் குளூ பலகையின் மேற்புறத்தில் கசிந்தால் அந்த இடத்தில் எண்ணெயும் வார்னிஷும் ஏறாது. முடிந்தபின் வெளிறிய திட்டாக நிற்கும். முதல் அடுக்கில் கவலையில்லை. இரண்டாவது அடுக்கில் தட்டியின் நடுவே ஒரு துளிக்கு மேல் கூடாது.

பீரங்கி வாசல்கள் பெரும்பாலோர் கோட்டை விடும் இடம். வாசலின் கீழ் விளிம்பும் மேல் விளிம்பும் தளத்தின் வளைவைத் தொடரும், நீர்மட்டத்தை அல்ல. பக்க விளிம்புகளோ நிமிர்ந்து, ஏராவுக்குச் செங்குத்தாக நிற்கும். ஆகவே முன்னும் பின்னும் உள்ள வாசல்கள் செவ்வகமாக இராமல் லேசாகச் சரிந்த இணைகரமாக இருக்கும். எல்லாவற்றையும் செவ்வகமாக வெட்டினால், எது தப்பு என்று சொல்லத் தெரியாதவர் கண்ணிலும் அந்த வரிசை உறுத்தும். கீழடுக்கில் குழல் மட்டும் நீட்டும் போலிப் பீரங்கி வைப்பதானால், அதைத் தாங்கும் துளையிட்ட பலகையை வெளிப்பலகை ஒட்டுமுன்னே உள்ளே பொருத்த வேண்டும். ஒரு குழலைச் செருகி, அது வாசலின் நடுவே வருகிறதா என்று பார்த்துக்கொண்டு மேலே போங்கள்.

தளமும் செம்பும்

தளப்பலகை 10 அங்குல அகலம், 24 அடி நீளம் என்று எடுத்துக்கொண்டால் 1/64-ல் 4 × 114 மி.மீ. நீளமான கீற்றை முன்னிருந்து பின் வரை ஒரே துண்டாக ஒட்டினால் வீட்டுத் தரைபோல இருக்கும். 114 மி.மீ. துண்டுகளாக வெட்டி, அடுத்தடுத்த வரிசையின் மூட்டுகள் ஒரே உத்திரத்தில் வராதபடி தள்ளித் தள்ளி ஒட்டுங்கள். இரண்டு மூட்டுகள் ஒரே உத்திரத்தில் சந்திக்க நடுவே மூன்று வரிசையாவது போக வேண்டும். இடுக்கில் அடைத்த தாரைக் காட்ட, பலகையின் ஒரு விளிம்பில் மட்டும் பென்சிலால் தேய்த்தால் போதும். இரு விளிம்பிலும் தேய்த்தால் கோடு தடித்துவிடும். மார்க்கர் பேனா வேண்டாம். வார்னிஷ் பட்டதும் மை கலைந்து தளமெல்லாம் ஊதா நிறமாகப் பரவும். மர ஆணிப் புள்ளிகள் 1/64-ல் அரை மி.மீ. அளவுதான் இருக்க வேண்டும். 1/72-ஐவிடச் சிறிய அளவில் அவற்றை விட்டுவிடுவதே அழகு.

பிரிட்டிஷ் கடற்படையின் செப்புத் தகடு 4 அடி × 14 அங்குலம். 1/64-ல் அது 19 × 5.6 மி.மீ. பின்புறம் பசையுள்ள செப்பு நாடாவை வெட்டிக்கொள்ளலாம். பின்கோடியில் தொடங்கி முன்னோக்கி ஒட்டினால் முன்தகடு பின்தகட்டின் மேல் ஏறும். மீன் செதில்போல நீர் வழுக்கிக்கொண்டு போகும். கிட்டுகளோடு வரும் தகடுகளில் ஆணித்தலைகள் கொப்புளமாகப் புடைத்திருக்கும். உண்மையில் அந்த ஆணிகள் தகட்டோடு தட்டையாக இருந்தவை. இந்த அளவில் கண்ணுக்கே தெரியக்கூடாது. ஒட்டி முடித்ததும் அசிட்டோனில் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு மாதத்தில் ஒவ்வொரு தகட்டிலும் உங்கள் கைரேகை கருத்து நிற்கும்.

வண்ணத்தில் ஒரே ஒரு விதி: பளபளப்பு கூடாது, சுத்தக் கறுப்பும் கூடாது. சிறிய அளவில் கறுப்பு ஓட்டைபோலத் தெரியும். அடர் சாம்பல்தான் கறுப்பாகத் தெரியும். டிரஃபால்கர் காலத்து மஞ்சள் பட்டையைப் பொறுத்தவரை, பழைய பூச்சடுக்குகளை ஆய்ந்து 2015-ல் விக்டரிக்கு வெளிர் நிறம் பூசினார்கள். அதற்கு முன் எடுத்த படங்களின் அழுத்தமான மஞ்சளைப் பார்த்துக் கலக்காதீர்கள்.

பாய்மரமும் பருமலும்

18-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கணக்கில் பெரிய அடிமரத்தின் விட்டம், நீளத்தில் ஒவ்வொரு கஜத்துக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம். அதாவது 36-ல் ஒரு பங்கு. 100 அடி மரத்துக்கு 33 அங்குலம், 1/64-ல் 13 மி.மீ. பெரிய பருமலுக்கு நடுவில் கஜத்துக்கு 0.7 அங்குலம். முனைகளில் இதில் பாதிக்கும் குறைவாக ஒடுங்கும். உருண்டைக் குச்சியைத் துளைப்பானில் மாட்டி உப்புத்தாளால் தேய்ப்பது சுலபம், ஆனால் ரேகை கோணலாக ஓடும் குச்சி நாளடைவில் வில்லாக வளையும். கண்ணாடியில் உருட்டிப் பார்த்து நேரானதை மட்டும் எடுங்கள். அதைவிட நல்லது, ரேகை நேராக ஓடும் சதுரக் கட்டையை ஒடுக்கி, ஒவ்வொரு முகத்தையும் 7:10:7 எனப் பிரித்து, மூலைகளைச் சீவி எண்கோணமாக்கி, பிறகு உருட்டுவது.

கயிறு

பழைய அட்டவணைகளில் கயிற்றின் அளவு சுற்றளவில் இருக்கும், விட்டத்தில் அல்ல. 11 அங்குல ஷ்ரவுட் என்றால் (பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் தடித்த கயிறு) விட்டம் மூன்றரை அங்குலம்; 1/64-ல் 1.4 மி.மீ., 1/100-ல் 0.9. இதைக் கவனிக்காமல் விட்டவர்களின் கப்பலில் கயிறெல்லாம் ஒரே தடிமனில் இருக்கும். குறைந்தது ஆறு தடிமன்களாவது வேண்டும்.

பாய்மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறு தார் பூசியது, அடர் பழுப்பு. பாயையும் பருமலையும் இழுக்கும் ஓடுகயிறு வெளிர்நிறம். பாலியெஸ்டர் நூல் ஈரத்துக்கு நீளாது, பஞ்சும் பறக்காது. நைலான் மெல்ல மெல்லத் தளரும், வேண்டாம். பருத்தி மழைக்காலத்தில் ஒரு விதம், வெயில் காலத்தில் ஒரு விதம். முடிச்சை நீர்த்த பிவிஏ-யால் நிறுத்துங்கள். சூப்பர் குளூ பட்ட நூல் கம்பிபோல விறைத்து, பின்னால் தட்டினால் ஒடியும்.

ஷ்ரவுட்கள் ஜோடி ஜோடியாகப் பாய்மரத் தலையில் மாட்டும். முதல் ஜோடி வலப்பக்கம் முன்னே, அடுத்தது இடப்பக்கம் முன்னே, மூன்றாவது மறுபடி வலப்பக்கம். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் அடுக்கும் தப்பு, பாய்மரமும் சாயும். ஒவ்வொன்றின் கீழ்முனையிலும் டெட்-ஐ, அதாவது மூன்று துளையுள்ள மரவட்டு. மேல்வட்டுகள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்க, கம்பியை இருமுனையிலும் மடக்கி ஒரு கொக்கி செய்து, மேல்வட்டையும் கீழ்வட்டையும் ஒரே தூரத்தில் பிடித்துக்கொண்டு கட்டுங்கள். கண்ணளவில் செய்தால் நான்காவதிலேயே படிக்கட்டாகிவிடும்.

ஷ்ரவுட்களின் குறுக்கே மாலுமிகள் ஏறும் ஏணிக் கயிறுகளின் இடைவெளி 13 அங்குலம். 1/64-ல் 5 மி.மீ.க்குச் சற்று மேல். கோடு போட்ட காகிதத்தைப் பின்னே மாட்டிக்கொள்ளுங்கள். நடு ஷ்ரவுட்களில் கிராம்பு முடிச்சு எனப்படும் இரட்டைச் சுற்று முடிச்சு. இரு ஓரங்களிலும் கண்ணி போட்டுக் கட்டுவது உண்மை முறை, 1/96-ஐவிடச் சிறிய அளவில் அங்கேயும் முடிச்சே போதும். இழுத்துக் கட்டினால் ஷ்ரவுட்கள் நடுவில் உடுக்கைபோல ஒடுங்கும். அதைத் தவிர்க்க முதலில் ஐந்துக்கு ஒன்றாகக் கட்டி, பிறகு இடையிலுள்ளவற்றை நிரப்ப வேண்டும்.

கப்பிகளைப் பருமலில் கட்டும் வேலையை, பருமல் மேசைமேல் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். மேலே ஏற்றியபின் ஒரு கப்பி கட்ட அரைமணி நேரமாகும், அதற்குள் முழங்கை இரண்டு கயிற்றை அறுத்திருக்கும். 10 அங்குலக் கப்பி 1/64-ல் 4 மி.மீ. கிட்டுக் கப்பிகள் சதுரமாக, கரடுமுரடாக இருக்கும். உள்ளே உப்புத்தாள் ஒட்டிய டப்பாவில் போட்டுக் குலுக்கினால் உருண்டு வரும். கயிறு கட்டும் வரிசை நடுவிலிருந்து வெளியே, கீழிருந்து மேலே. மேல்தளப் பீரங்கிகளின் கயிறுகள் பாய்மரம் நடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். எந்தக் கயிற்றையும் ‘டிங்’ என்று ஒலிக்கும்படி முறுக்காதீர்கள். பத்துக் கயிறு கட்டியதும் முதல் கயிறு தளர்ந்துவிட்டதென்றால், பாய்மரம் வளைந்திருக்கிறது என்று பொருள்.

தொங்கும் சுருள்களும் தொய்வுகளும் இந்த அளவில் தானாக விழாது. நூலுக்கு அந்த எடை இல்லை. சுருள்களை ஆணிப்பலகையில் தனியே சுற்றி, நீர்த்த பசை தொட்டு, உலருமுன் விரலால் கீழே இழுத்து வடிவம் கொடுத்து, கடைசியாக மாட்டுங்கள்.

பாய் வைப்பதானால் சுருட்டிய பாயே பொருத்தம். விரித்த பாய் பாதி வேலையை மறைத்துவிடும். துணி தடிமனாகத் தெரியும், மெல்லிய டிஷ்யூ காகிதம் நல்லது. முழு உயரத்தையும் சுருட்டினால் தலையணைபோல உப்பும். மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வெட்டிச் சுருட்டினால்தான் அளவாக இருக்கும்.

பெட்டி இல்லாத கப்பலில் தூசி கயிற்றில் ஏறினால் துடைக்கவே முடியாது. ஆனால் பெட்டியின் மரம் முக்கியம். ஓக், புது ஒட்டுப்பலகை, எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) ஆகியவை விடும் அமில ஆவி, காரீயம் கலந்த வார்ப்புத் துண்டுகளைத் தாக்கி வெள்ளைப் பொடியாக்கும். மூடிய பெட்டிக்குள் அந்த அரிப்பு ஓயாது, பரவும். பீரங்கியும் நங்கூரமும் அக்கலவையில் வந்திருந்தால் பித்தளைக்கு மாற்றிவிடுவது நல்லது. அக்ரிலிக் பெட்டியின் அடியில் வலை வைத்த நாலைந்து சிறு துளைகள் போட்டு, வெயில் நேரே படாத சுவரோரம் வையுங்கள்.